அத்தியாயம் 6: நரம்பு மாத்திரையால் ஆவதும் ஆகாததும்

மருந்துக்கடைக்குப் போய், "அண்ணே, ராத்திரியானா கை மரத்துப்போகுது" என்று சொல்லிப் பாருங்கள். எந்த விரல், எத்தனை நாளாய், சர்க்கரை உண்டா என்று ஒரு கேள்வியும் வராது. ஓர் அட்டை மாத்திரைதான் வரும். "நரம்பு மாத்திரைக்கா. ஒரு மாசம் போட்டுப் பாருங்க."

என்னிடம் கைக்குப் பயிற்சி எடுக்க வருகிறவர்களின் பையில் இப்படி இரண்டு மூன்று அட்டைகளாவது இருக்கும். தையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி ஒன்றரை வருடம் ஒருநாள் விடாமல் போட்டிருந்தார். மாத்திரைமேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதிலுள்ள சத்தில் அவருக்குக் குறையே இருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் வலது கட்டைவிரலின் அடிமேட்டுச் சதை வற்றிப் பள்ளமாகிவிட்டது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போன பிறகுதான் மருத்துவரைப் பார்த்தார்.

நான் பிசியோதெரபிஸ்ட். மருந்து எழுதித் தரும் உரிமை எனக்கில்லை. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அதைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே இந்த அத்தியாயம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சத்துக் குறைவு இருந்தால் மாத்திரை அதை நிரப்பும், கட்டாயம் போடுங்கள். மணிக்கட்டுக்குள் இருக்கும் இடுக்கத்தை எந்த வைட்டமினும் அகலமாக்காது.

இடுக்கம் இருப்பது எங்கே?

மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கம் எட்டுச் சிற்றெலும்புகள் வாய்க்கால் போல வளைந்து நிற்கின்றன. அதன்மேல் கூரை போட்டதுபோல ஒரு தடித்த நார்ப்பட்டை. உள்ளே விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்கள், அவற்றோடு ஒரே ஒரு நரம்பு. காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். தசைநாண்கள் நெரிசலுக்குப் பழகியவை. நரம்புதான் கம்பியோடு அழுந்தி நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளை. தசைநாண்களின் உறை கொஞ்சம் வீங்கினாலும் இரத்த ஓட்டம் குறைந்து முதலில் தவிப்பது அதுதான்.

இந்த மீடியன் நரம்பு உணர்ச்சி தருவது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்கு. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு. அதனால் சுண்டுவிரலும் சேர்ந்து மரத்துப்போனால், அல்லது இரண்டு பாதங்களும் எரிந்தால், வெறும் கார்பல் டனல், அதாவது இந்த மணிக்கட்டு நெரிசல்தான், என்று முடிவுகட்டாதீர்கள். இந்த வேறுபாடு பி12 பற்றிப் பேசும்போது மறுபடி தேவைப்படும்.

அழுத்தம் நீடித்தால் முதலில் நரம்பின் மேலுறையான மயலின் தேய்கிறது. அப்புறம் உள்ளிருக்கும் இழைகளே அறுகின்றன. மயலின் நன்றாக இருக்க பி12 வேண்டும் என்பது உண்மை. நரம்புச் செய்தியைக் கடத்தும் ரசாயனங்களை உடல் செய்துகொள்ள பி6 வேண்டும் என்பதும் உண்மை. நரம்பு மாத்திரை வியாபாரம் முழுவதும் நிற்பது இந்த இரண்டு உண்மைகளின் மேல்தான். ஆனால் ஒன்று தேவை என்பது வேறு, தேவைக்கு மேல் கொடுத்தால் இன்னும் நல்லது என்பது வேறு. உப்பில்லாமல் சாம்பார் இல்லை. அதற்காக இரண்டு கைப்பிடி அள்ளிப் போடுகிறோமா?

பி6 வந்த வழி

கார்பல் டனலுக்கு பி6 என்ற பேச்சு பிறந்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மவுண்ட் பிளசன்ட் என்ற சிறிய ஊரில். அங்கே மருத்துவம் பார்த்த ஜான் எல்லிஸ், வருகிறவர்களின் கைகளைக் கவனிப்பதில் தனி ஈடுபாடு கொண்டவர். 1966இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'கைகளைப் பார்த்த டாக்டர்' என்று பொருள்படும். விரல் வீக்கமும் மரத்துப்போதலும் உள்ளவர்களுக்கு அவர் பி6 கொடுத்தார், நல்ல பலன் கண்டதாகச் சொன்னார். 1970களில் அவரோடு சேர்ந்துகொண்டவர் கார்ல் ஃபோக்கர்ஸ். லேசுப்பட்ட ஆள் இல்லை. மெர்க் நிறுவனத்தில் 1939இல் பி6ஐ ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிய குழுவிலும், 1948இல் பி12ஐத் தனியே பிரித்தெடுத்த குழுவிலும் இருந்தவர். கார்பல் டனல் உள்ளவர்களின் இரத்தத்தில் பி6 குறைந்திருக்கிறது, கொடுத்தால் அறுவை சிகிச்சை இல்லாமலே பலருக்குச் சரியாகிறது என்று இருவரும் கட்டுரைகள் எழுதினார்கள். பெரிய பெயர், மலிவான மாத்திரை. செய்தி உலகம் சுற்றிவிட்டது. நம் ஊர் மருந்துக்கடை அலமாரிவரை வந்து சேர்ந்தது அதன் எதிரொலிதான்.

பிறகு மற்றவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு பி6, மறுபாதிக்குச் சத்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. 1993இல் கனடாவில் வெளியான அப்படியொரு ஆய்வில் 32 பேர் இருந்தார்கள், பி6 குழுவுக்குத் தினம் 200 மி.கி. வீதம் 12 வாரம் கொடுத்தார்கள். இரவு வலியிலும் மரத்துப்போவதிலும் விறுவிறுப்பிலும் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. விரல் வீக்கத்திலும் அசைக்கும்போது வரும் சங்கடத்திலும் மட்டும் சிறிது குறைவு தெரிந்தது. அறுவையும் ஸ்டீராய்டு ஊசியும் அல்லாத சிகிச்சைகளையெல்லாம் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் குழுவின் 2003ஆம் ஆண்டு அறிக்கையும் பி6க்குக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றே முடித்தது. அதே அறிக்கையில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளிண்ட் தேறியது, குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை தேறியது. வேடிக்கை என்னவென்றால், யோகாவும் தேறியது. பி.கே.எஸ். அய்யங்கார் வழி ஆசனங்களை வைத்து அமெரிக்காவில் 42 பேரிடம் எட்டு வாரம் நடத்திய சோதனை 1998இல் வெளிவந்திருந்தது. பிடிவலு கூடியது, வலி குறைந்தது.

அப்படியென்றால் எல்லிஸ் பார்த்த நோயாளிகளுக்கு எப்படிச் சரியானது? அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. கார்பல் டனல் ஏறி இறங்கும் நோய். வேலை குறைந்தால் தணியும், கல்யாண வீட்டுச் சமையலுக்குப் போய்வந்தால் ஏறும். லேசான நிலையில் இருப்பவர்களில் ஒரு பங்கினருக்கு எதுவும் செய்யாமலே குறைந்துவிடுகிறது. நாம் மாத்திரை தொடங்குவதோ, வலி உச்சத்தில் நின்று தூக்கம் கெட்ட நாளில். உச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் இறக்கம்தான். அந்த இறக்கத்தின் பெருமை கையிலிருக்கும் அட்டைக்குப் போய்விடுகிறது.

அதிகமானால் அதே நோய்

வீணான செலவு என்பதோடு முடிந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். பி6 அளவு மீறினால் உணர்ச்சி நரம்புகளையே கெடுக்கும். 1983இல் அமெரிக்க மருத்துவர்கள் ஏழு பேரைப் பற்றி எழுதினார்கள். தினம் 2 முதல் 6 கிராம்வரை பி6 எடுத்துக்கொண்டவர்கள். கால் மரத்து, கை மரத்து, இருட்டில் நடை தள்ளாடும் நிலைக்கு வந்திருந்தார்கள். மாத்திரையை நிறுத்திய பிறகு தேறினார்கள், ஆனால் மெதுவாக. அதைவிடப் பல மடங்கு குறைந்த அளவிலும், மாதக்கணக்கில் தொடர்ந்தால், சிலருக்கு இப்படி வருகிறது என்று பிறகு தெரியவந்தது.

இதிலிருக்கும் கண்ணியைக் கவனியுங்கள். மரத்துப்போவதற்காகப் போடும் மாத்திரை, கூடிப்போனால் மரத்துப்போகச் செய்கிறது. போடுகிறவர் நோய் முற்றுகிறது என்று நினைத்து இன்னொரு மாத்திரை சேர்த்துக்கொள்கிறார். நிறுத்தினாலும் சில வாரம் தொந்தரவு கூடிவிட்டுத்தான் இறங்கும் என்பதால், "பார்த்தீர்களா, நிறுத்தினதும் அதிகமாயிடுச்சு" என்று மறுபடி தொடங்குகிறவர்களும் உண்டு.

வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பி6 ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மி.கி.தான். இதற்கு மேல் போகக்கூடாது என்ற எல்லையை அமெரிக்கா 100 மி.கி. என்று வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் 25 ஆக இருந்ததை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் 12 ஆக இறக்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் தினசரி அளவு 10 மி.கி.க்கு மேலுள்ள மாத்திரைப் பெட்டியில் எச்சரிக்கை அச்சிட வேண்டும். எண்கள் நாட்டுக்கு நாடு வேறாக இருந்தாலும், போகும் திசை ஒன்றுதான்.

இனி உங்கள் வீட்டு அலமாரிக்கு வாருங்கள். பி6 'நரம்பு மாத்திரை' என்ற பெயரில் மட்டும் வருவதில்லை. முடி உதிர்வதற்கான மாத்திரையில் இருக்கும். தசைப்பிடிப்புக்கு வாங்கிய மெக்னீசியம் மாத்திரையில் இருக்கும். மல்டிவைட்டமினில் இருக்கும். உற்சாக பானம் என்று விற்கும் தகர டப்பாவிலும் இருக்கும். அட்டையில் பி6 என்று எழுதாமல் 'பைரிடாக்சின்' என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சொல்லைத் தேடி, பக்கத்திலுள்ள எண்களைக் கூட்டுங்கள்.

சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து உறவினர்கள் வாங்கி வரும் மாத்திரையில் இன்னும் கவனம் வேண்டும். இந்தியாவில் பரவலாக விற்கும் ஒரு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் பைரிடாக்சின் 3 மி.கி. அதே குடும்பப் பெயரில் அந்த நாடுகளில் விற்பதில் 200 மி.கி. பெயர் ஒன்று என்று நம்பி, இங்கே போட்ட கணக்கில் அங்கேயிருந்து வந்ததை மூன்று வேளை போட்டால் என்னவாகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

பி6 உண்மையாகவே வேண்டியவர்கள் உண்டு. காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவர்களுக்கு அந்த மருந்து பி6ஐக் குறைத்து நரம்பைக் கெடுக்கும் என்பதால், மருத்துவரே சிறிய அளவில் சேர்த்துக் கொடுப்பார். அதை நிறுத்திவிடாதீர்கள்.

பி12: கொடுப்பதற்கு முன் சோதியுங்கள்

பி6 பற்றி இவ்வளவு கறாராகப் பேசிவிட்டு பி12க்கு வரும்போது என் குரல் கொஞ்சம் மாறும். நம் ஊரில் பி12 குறைவு மெய்யானது. தாவர உணவில் அது இல்லை. இட்லி மாவு புளிப்பதால் பி12 கிடைக்கும் என்று சொல்வார்கள், அதை நம்பி இருக்க முடியாது. பாலும் தயிரும் தாராளமாகச் சேர்க்காத சைவர்கள், சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் போடுகிறவர்கள், நெஞ்செரிச்சலுக்கு விடியற்காலையில் ஒரு மாத்திரை என்று பழகிவிட்டவர்கள், வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்கள், அறுபது தாண்டியவர்கள் எல்லோரும் சந்தேகப் பட்டியலில் வருவார்கள். சர்க்கரை நோய் கார்பல் டனலுக்கே ஒரு காரணம் என்பதால், மெட்ஃபார்மின் போடும் ஒருவருக்கு மணிக்கட்டில் நெரிசல், சர்க்கரையால் நரம்புக் கேடு, பி12 குறைவு மூன்றும் ஒரே கையில் கூடிவிடலாம். அவருக்கு பி12 கொடுத்தால் மூன்றில் ஒன்று சரியாகும். கொடுக்காவிட்டால் அந்த ஒன்றும் ஆகாது.

பி12 குறைவு பெரும்பாலும் காலில் தொடங்கும், இரண்டு பக்கமும் ஒரேபோல வரும். நடை தடுமாறும், நாக்கு வழவழப்பாகிச் சிவக்கும், மறதி தட்டும். கார்பல் டனல் கையில் தொடங்கும், நள்ளிரவில் எழுப்பும், கையை உதறினால் தணியும். உதறினால் குறைகிறதா என்பது நல்ல தடயம். பி12 குறைவால் வரும் மரத்துப்போதல் உதறலுக்கு மசியாது.

இரத்தச் சோதனையை மாத்திரை தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். நான்கு நாள் மாத்திரையோ ஓர் ஊசியோ போட்ட பிறகு எடுத்தால், அளவு ஏறித் தெரியும், குறைவு இருந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பொதுவாக ஒரு மில்லி லிட்டரில் 200 பிகோகிராமுக்குக் கீழே குறைவு. 200க்கும் 300க்கும் நடுவே என்றால் சந்தேகம், ஹோமோசிஸ்டீன் போன்ற இன்னொரு சோதனை தேவைப்படலாம். குறைவு உறுதியானால் ஊசியா மாத்திரையா, எத்தனை மாதம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். குறைவு இல்லை என்று வந்தால், கார்பல் டனலுக்காக மெத்தில்கோபாலமின் என்ற பி12 வடிவத்தை 1500 மைக்ரோகிராம் அளவில் வருடக்கணக்கில் போடுவதற்கு வலுவான ஆதாரம் இல்லை. பி6 போல அது நரம்பைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. கெடுவது பணமும் காலமும்தான்.

நரம்பு மாத்திரைகளில் பி12க்குத் துணையாக ஃபோலிக் அமிலமும் இருக்கும். பி12 குறைவைக் கவனிக்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் தனியாக அதிக அளவில் எடுத்தால், இரத்தசோகை சரியாகி நோய் மறைந்துவிடும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும். இரத்தசோகைக்கு யாரோ சொன்னார்கள் என்று ஃபோலிக் அமிலம் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தைராய்டும் முடி மாத்திரையும்

இரண்டு கையிலும் கார்பல் டனல் என்று வரும் நடுத்தர வயதுப் பெண்களிடம் நான் தவறாமல் கேட்பது தைராய்டு. சுரப்பு குறைந்தால் திசுக்களில் நீர் கோத்து மணிக்கட்டுச் சுரங்கத்திலும் நெரிசல் கூடும். தைராக்சின் மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் கை தானாகவே தணிந்துவிடுவதும் உண்டு. இங்கேதான் சத்து மாத்திரைகள் இரண்டு வழியில் குழப்பம் செய்கின்றன.

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் அதிகம். பல ஆய்வகங்களின் சோதனை முறையே பயோட்டினைப் பயன்படுத்துவதால், இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் தைராய்டு சோதனை முடிவு தவறாக வரும். சுரப்பு குறையும்போது ஏற வேண்டிய டி.எஸ்.எச். அளவை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். சுரப்புக் குறைவு உள்ளவருக்கும் 'நார்மல்' என்று வந்துவிடலாம். இருதய நோய்ச் சோதனையில்கூட இந்தக் குழப்பம் உண்டு என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. சோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். அதிக அளவில் எடுப்பவர் எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கால்சியமும் இரும்புச் சத்தும். காலையில் தைராக்சின் போட்ட கையோடு கால்சியம் மாத்திரையையும் விழுங்கினால் தைராக்சின் உடலில் சரியாகச் சேராது. நடுவில் நான்கு மணி நேரம் விடுங்கள். கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிவிட்டால் கணக்கு எளிது.

வைட்டமின் டி, ஆல்ஃபா லிபோயிக் அமிலம், மற்றவை

கார்பல் டனல் உள்ளவர்களிடம் வைட்டமின் டி குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. குறைவால்தான் நோய் வந்தது என்று அதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. வீட்டுக்குள்ளேயே வேலை, உடல் பருமன், சர்க்கரை இவையெல்லாம் இரண்டுக்கும் பொதுவானவை. சோதனையில் 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் சரிசெய்யுங்கள், எலும்புக்கும் தசைக்கும் நல்லது. கைக்கும் கொஞ்சம் உதவினால் லாபம். 60,000 யூனிட் பொட்டலம் வாரத்துக்கு ஒன்று என்று எழுதித் தருவது வழக்கம். 'வாரம்' என்பது காதில் விழாமல் தினம் ஒன்றாகப் போட்டு, இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மயக்கமுமாய் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. பொட்டலத்தின் மேல் கிழமையைப் பேனாவால் எழுதி வையுங்கள்.

ஆல்ஃபா லிபோயிக் அமிலம் வைட்டமின் இல்லை, ஆனாலும் நரம்புக் கேப்ஸூல்களில் அதுதான் இப்போது நட்சத்திரம். இத்தாலியில் தினம் 600 மி.கி. அளவில், காமா லினோலெனிக் அமிலத்தோடு சேர்த்து மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தவர்கள், பி காம்ப்ளெக்ஸ் எடுத்தவர்களைவிட இவர்களுக்குத் தொந்தரவு குறைந்தது என்று எழுதினார்கள். ஆய்வு சிறியது. நம் ஊர்க் கலவை கேப்ஸூல்களில் இந்த அமிலம் பெரும்பாலும் 100 மி.கி. அளவில்தான் இருக்கும். அந்த ஆய்வைக் காட்டி இந்தக் கேப்ஸூலை விற்பது, பாயசத்தின் பெருமையைச் சொல்லிவிட்டு முந்திரி ஒன்றை மட்டும் கையில் கொடுப்பது போல. இந்த அமிலம் இரத்தச் சர்க்கரையையும் இறக்கக்கூடும், இன்சுலின் போடுகிறவர்கள் கேட்காமல் தொடங்கக்கூடாது.

உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத 'நரம்புப் பொடி' எதையும் வாங்காதீர்கள். ஈயம் கலந்த பொடி நரம்பையே தின்றுவிடும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. கடைசி மாதங்களில் கை மரத்துப்போவது சாதாரணம், நீர் கோப்பதால் வருவது. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானே போய்விடும். இரவில் ஸ்பிளிண்ட் கட்டுங்கள். மருத்துவர் தந்திருக்கும் இரும்பும் ஃபோலிக்கும் போதும், அதன்மேல் நரம்பு மாத்திரை ஏற்றாதீர்கள்.

அறுவைக்குப் பிறகு

நார்ப்பட்டையை அறுத்து இடம் விட்ட பிறகு, "சீக்கிரம் ஆற என்ன சத்து சாப்பிடலாம்?" என்று கேட்காதவர்கள் இல்லை. கேள்வி நியாயம். எதிர்பார்ப்புதான் திருத்தப்பட வேண்டும். இரவு வலி பலருக்கு முதல் சில நாளிலேயே போய்விடும். மரத்துப்போனது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தெளியும். இழை அறுந்துபோன நரம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், எத்தனை நாள் என்று உங்களுக்கே தெரியும். இந்த வேகத்தைக் கூட்டும் மாத்திரை கடையில் இல்லை. வற்றிய சதை முழுதாகத் திரும்பும் என்ற உறுதியை யாரும் தர முடியாது. உள்ளங்கையின் இரு ஓரத்திலும் ஊன்றும்போது வரும் வலி மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம்வரை இருக்கும், அது சத்துக் குறைவின் அடையாளம் இல்லை.

தையல் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். தினம் ஒரு முட்டையோ, மீனோ, ஒரு கிண்ணம் சுண்டலோ பருப்போ போதும். வைட்டமின் சிக்கு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ போதும். மணிக்கட்டு எலும்பு முறிந்தவர்களுக்கு வைட்டமின் சி 500 மி.கி. கொடுத்தால் நீடித்த வலி நோய் வராமல் தடுக்கலாம் என்று 1999இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று சொன்னது. பின்னால் வந்த ஓர் ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை. அது எலும்பு முறிவுக்கான பேச்சு, கார்பல் டனலுக்கு இழுத்து வர வேண்டியதில்லை. சர்க்கரை உள்ளவர் எந்தச் சத்து மாத்திரையைவிடவும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதால்தான் அதிகம் பெறுவார். பீடி சிகரெட் பிடிப்பவர் அதை விட்டால் போதும், காயத்துக்கு இரத்தம் ஓடும்.

அறுவைக்கு முன் அதிக அளவு வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரை, மூலிகை மாத்திரை எது எடுத்தாலும் அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தம் உறைவதை அவற்றில் சில பாதிக்கலாம்.

பி6க்கும் பி12க்கும் சாப்பாட்டிலேயே வழி இருக்கிறது. கொண்டைக்கடலை, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, கோழி, மீன் எல்லாவற்றிலும் பி6 உண்டு. மத்தி மீன் வாங்கினால் பி12, வைட்டமின் டி, புரதம் மூன்றும் ஒரே விலையில். உணவிலிருந்து வரும் பி6 யாருக்கும் நஞ்சானதாகத் தெரியவில்லை.

ஆறு வாரக் கணக்கு

மாத்திரை போடுவது என்று முடிவு செய்துவிட்டீர்களா? நான் கையைப் பிடித்துத் தடுக்கப்போவதில்லை. ஆனால் கணக்கு வையுங்கள். காலண்டரில் தினம் இரண்டு குறிப்பு போதும்: இரவு எத்தனை முறை எழுந்தேன், பகலில் எத்தனை பொருள் கைநழுவியது. மாத்திரையோடு இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளிண்டையும் கட்டாயம் கட்டுங்கள். அது மாத்திரையின் பலனை அறிய விடாமல் செய்யுமே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். உண்மைதான், ஆனால் நமக்கு வேண்டியது ஆராய்ச்சிப் பட்டமா, தூக்கமா? ஆறு வாரத்தில் காலண்டரில் மாற்றமில்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு, நரம்புக் கடத்தல் சோதனைக்கும், ஊசியோ அறுவையோ வேண்டுமா என்ற பேச்சுக்கும் போய்விடுங்கள்.

ஆறு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாதவர்கள் உண்டு. பகல் இரவு எந்நேரமும் விரல் மரத்தே இருப்பவர், சட்டைப் பொத்தான் போட முடியாதவர், டம்ளர் நழுவுகிறவர், இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றில் கட்டைவிரல் மேடு தட்டையாகத் தெரிகிறவர். இவர்களுக்கு வைட்டமின் பேச்சே வேண்டாம். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். முடிக்கு வாங்கியது, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தது எல்லாம். அட்டையைக் கிழிக்கும்போது மருந்தின் பெயரும் அளவும் அச்சிட்ட மூலையை மட்டும் கடைசிவரை கிழிக்காமல் வையுங்கள்.